கணக்கில் 55: சிஸ்பிளாட்டினா, கார்போபிளாட்டினா?

நுரையீரல் புற்றுநோய்க்கு அறுவை முடிந்து கீமோவுக்குக் காத்திருந்த சித்தப்பாவின் ரத்த ரிப்போர்ட்டில் கிரியாட்டினின் 1.1 என்று இருந்தது. பக்கத்தில் நட்சத்திரக் குறி எதுவும் இல்லை. லேபில் அச்சடித்திருந்த வரம்பு 0.7 முதல் 1.3 வரை. "கிட்னி நார்மல்தானே பாப்பா?" என்று போனில் கேட்டார். நான் புற்றுநோய்ப் பிரிவில் கீமோ மருந்து கலக்கும் அறையில் பன்னிரண்டு வருடமாக வேலை பார்க்கிற ஃபார்மசிஸ்ட். ஆமாம் என்று சொல்ல வாய் வரவில்லை.

கிரியாட்டினின் தசையிலிருந்து வருகிற கழிவு. தசை குறைந்தவர் உடம்பில் அது குறைவாகவே உற்பத்தியாகும். அதனால் ஒல்லியான, வயதான ஒருவருக்குக் கிட்னி பாதி ஓய்ந்திருந்தாலும் ரிப்போர்ட் நல்லபிள்ளையாகத்தான் தெரியும். அதற்காகத்தான் எங்கள் அறைச் சுவரில் ஒரு கணக்கை ஒட்டி வைத்திருக்கிறோம். 140-இலிருந்து வயதைக் கழித்து, எடையால் பெருக்கி, அதை 72 × கிரியாட்டினின் என்ற தொகையால் வகுக்க வேண்டும். பெண் என்றால் விடையை 0.85-ஆல் பெருக்க வேண்டும். காக்கிராஃப்ட், கால்ட் என்ற இருவர் 1976-இல் வெளியிட்டது. ஐம்பது வருடம் ஆகப்போகிறது, கீமோ உலகம் இன்னும் இதை விடவில்லை. சித்தப்பாவுக்கு வயது 62, எடை 56 கிலோ. 78 × 56 = 4,368. அதை 79.2-ஆல் வகுத்தால் 55.

நிமிடத்துக்கு 55 மி.லி. ரத்தத்தைக் கிட்னி சுத்தம் செய்கிறது என்று இதற்கு அர்த்தம். இந்த நோய்க்கான கீமோவில் பெரும்பாலும் பிளாட்டினம் உள்ள இரண்டு மருந்துகளில் ஒன்று இருக்கும்: சிஸ்பிளாட்டின் அல்லது கார்போபிளாட்டின். 60-க்கு மேல் என்றால் சிஸ்பிளாட்டின் கொடுக்க டாக்டர்கள் அதிகம் யோசிப்பதில்லை. 50-க்குக் கீழே போனால் பெரும்பாலோர் கை வைப்பதில்லை. இரண்டுக்கும் நடுவில்தான் எல்லா வாக்குவாதமும்.

அதே வாரம் எங்கள் டே-கேருக்கு (பகலில் கீமோ ஏற்றி வீட்டுக்கு அனுப்பும் பிரிவு) அதே நோயோடு இன்னொருவர் வந்தார். அவருக்கும் கணக்குப் போட்டால் ஏறக்குறைய அதே 55. அவருக்கு முதல் நாளே கார்போபிளாட்டின் எழுதினார்கள்; சித்தப்பாவுக்கு சிஸ்பிளாட்டின். இரண்டு முடிவும் சரி என்றுதான் இன்றைக்கும் சொல்வேன். ஏன் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். உங்கள் வீட்டு ஆளுக்கு எது என்பதை, முழு ஃபைலையும் பார்க்கிற டாக்டர்தான் சொல்ல முடியும். அவரிடம் என்ன கேட்க வேண்டும் என்பதற்கு இது உதவலாம்.

சிஸ்பிளாட்டின் 1978-இல் அனுமதி பெற்ற பழைய மருந்து, விலையும் குறைவு. கிட்னியின் வடிகட்டியைவிட அதற்குப் பின்னால் இருக்கும் நுண்குழாய்களைத்தான் இது தாக்குகிறது. அந்தக் குழாய்ச் செல்கள் மருந்தை உள்ளே இழுத்துக்கொள்வதால், ரத்தத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு அங்கே சேர்ந்துவிடும். செல் புண்ணாகும், மக்னீசியமும் பொட்டாசியமும் சிறுநீரில் ஒழுகிப் போகும். முன்னேற்பாடு இல்லாமல் கொடுத்தால் மூன்றில் ஒருவர் அளவுக்குக் கிட்னி பாதிக்கப்பட்ட காலம் இருந்தது. அதற்குக் கண்டுபிடித்த மாற்று, சலைனை ஓடவிட்டுக் குழாயைக் கழுவிக்கொண்டே இருப்பது.

இந்தக் கழுவுதல் ஒரு காலத்தில் ராத்திரி முழுக்க வார்டில் படுக்க வைத்து நடந்தது. இப்போது பெரும்பாலும் ஒரே பகலில் முடிகிறது. காலையில் அரை லிட்டரோ ஒரு லிட்டரோ சலைன். அதிலேயே ஒரு பொட்டாசியம் குளோரைடு ஆம்பூலும், ஒன்று முதல் இரண்டு கிராம் மக்னீசியம் சல்ஃபேட்டும் கலந்திருக்கும். பிறகு மருந்து, மறுபடி சலைன். மொத்தம் இரண்டு லிட்டர் சுமார். மக்னீசியத்தை முன்கூட்டியே ஏற்றுவது கிட்னியைக் காக்கிறது என்பதற்கு ஆதாரம் சேர்ந்துகொண்டே வருகிறது. மானிடால் என்ற கரைசல் எல்லாருக்கும் தேவையில்லை. டோஸ் அதிகமாக இருந்தாலோ, பி.பி. இருந்தாலோ சில டாக்டர்கள் சேர்ப்பார்கள். சிறுநீர் பிரிய ஊசி போட்டால் கிட்னி தப்பும் என்ற பழைய நம்பிக்கைக்கு ஆதாரம் சுத்தமாகப் போதாது.

கலக்குகிறவள் என்ற முறையில் ஒன்று. சிஸ்பிளாட்டினை ஃபிரிட்ஜில் வைத்தால் பாட்டிலுக்குள் மஞ்சளாகப் படிகம் இறங்கும். குளுக்கோஸ் பாட்டிலில் தனியாகக் கலந்தால் நிலைக்காது, உப்பு கட்டாயம். அலுமினியம் உள்ள ஊசி பட்டால் கறுக்கும். இத்தனை முரண்டு பிடிக்கிற மருந்தை ஐம்பது வருடமாக யாரும் தூக்கிப் போடாததற்குக் காரணம் இருக்கிறது.

கார்போபிளாட்டின் அதன் தங்கை மாதிரி. அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்தில் இறங்கிவிடும், சலைன் மூட்டை தேவையில்லை. வாந்தியும் காது இரைச்சலும் குறைவு, கிட்னிக்கு உபத்திரவம் மிகவும் குறைவு. ஆனால் கிட்னி வழியாகத்தான் வெளியேற வேண்டும். அதனால் டோஸையே கிட்னியைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள். ஏ.யு.சி. என்பது உடம்பு மொத்தமாக எவ்வளவு மருந்தைச் சந்திக்க வேண்டும் என்பதற்கான இலக்கு எண். ஏ.யு.சி. 5 என்று எழுதியிருந்தால் 5 × (55 + 25), அதாவது 400 மி.கி.; 25 அந்தச் சூத்திரத்தில் மாறாத எண். கிட்னி 90 உள்ளவருக்கு அதே ஏ.யு.சி. 5 என்பது 575 மி.கி. ஆகும். ஆக, 'கிட்னி வீக், டோஸைக் குறைச்சிட்டாங்க' என்று இதற்குக் கவலைப்பட வேண்டாம். உடம்பில் தங்குகிற மருந்து இருவருக்கும் ஒன்றுதான்.

கார்போவுக்கும் ஒரு விலை உண்டு, அதை ரத்த அணுக்கள் கொடுக்கும். குறிப்பாகப் பிளேட்லெட். அடுத்த டோஸுக்கு நாள் நெருங்குகிற மூன்றாவது வாரத்தில்தான் அது அடிமட்டத்துக்குப் போகும். பல சுழற்சி, அதாவது பல முறை மருந்து ஏற்றி ஆனபிறகு திடீரென்று அலர்ஜி வருவதும் உண்டு.

இனி அந்த இருவர். டே-கேருக்கு வந்தவருக்கு நோய் நான்காம் நிலை, எலும்புக்கும் போய்விட்டது. அங்கே சிகிச்சையின் வேலை நோயை அடக்கி வைப்பது, மூச்சையும் நடமாட்டத்தையும் காப்பது. இந்த நிலையில் இரண்டு மருந்தையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்த ஒன்பது ஆய்வுகளை, 2,968 நோயாளிகளின் விவரத்தோடு, 2007-இல் ஒன்றாகத் திரட்டினார்கள். கட்டி சுருங்கியது சிஸ்பிளாட்டினில் நூற்றுக்கு 30 பேருக்கு, கார்போவில் 24 பேருக்கு. ஆயுளைப் பொறுத்தவரை மொத்தமாகப் பார்த்தால் உறுதியான வித்தியாசம் இல்லை. சில வகைகளில் மட்டும் தராசு சிஸ்பிளாட்டின் பக்கம் லேசாகச் சாய்ந்தது. அந்த லேசான சாய்வுக்காக 55-இல் இருக்கிற கிட்னியைப் பணயம் வைப்பதில் எனக்குச் சம்மதமில்லை. கிட்னி போனால் அடுத்து வரும் மருந்துகளுக்கும் கதவு அடைபடும். சி.டி. ஸ்கேனுக்குப் போடும் சாய ஊசி, எலும்புக்குப் போடும் சோலெட்ரானிக் ஆசிட் எல்லாம் கிட்னியைக் கேட்டுத்தான் கொடுக்க முடியும். நுரையீரல் புற்றுநோயின் இன்னொரு வகையான சிறுசெல் வகையிலும் இதே கதைதான்: 663 பேரின் விவரத்தைத் திரட்டியபோது சராசரி ஆயுள் சிஸ்பிளாட்டினில் 9.6 மாதம், கார்போவில் 9.4.

சித்தப்பாவின் நிலைமை வேறு. இரண்டாம் நிலையில் கண்டுபிடித்து, வலது நுரையீரலின் மேல் மடலை எடுத்தாகிவிட்டது. கண்ணுக்குத் தெரிகிற கட்டி எதுவும் இல்லை. கீமோ கொடுப்பது ஒளிந்திருக்கிற செல்லை அழித்து, நோய் திரும்பாமல் பார்க்க. இந்த இடத்தில் சாட்சி முழுக்க சிஸ்பிளாட்டினுடையது. 4,584 பேரின் விவரம் திரட்டிய 2008-ஆம் ஆண்டு ஆய்வில், அறுவைக்குப் பிறகு சிஸ்பிளாட்டின் சேர்ந்த கீமோ ஐந்து வருட முடிவில் நூற்றுக்கு ஐந்து பேர் சொச்சத்தைக் கூடுதலாக உயிரோடு வைத்திருந்தது. சின்ன எண்தான். ஆனால் அந்த ஐந்து பேர் வெறும் மாதக்கணக்கில் தள்ளிப்போனவர்கள் இல்லை. அறுவைக்குப் பின் கார்போபிளாட்டினை வைத்துச் செய்த அமெரிக்க ஆய்வில், ஆயுள் கூடியது என்று உறுதியாக நிரூபணமாகவில்லை. ஆகவே குணமாக்குவது நோக்கம் என்றால், கிட்னியைக் காபந்து செய்துகொண்டே சிஸ்பிளாட்டினைப் பிடித்து வைக்கப் பார்ப்பது நியாயம். நாலே சுழற்சிதானே.

55-க்கு இன்னொரு வழியும் இருந்தது, டோஸை இரண்டாகப் பிரிப்பது. சித்தப்பாவின் உடல் பரப்புக்கு ஒரு சுழற்சிக்கு 120 மி.கி. வந்தது. அதில் பாதியை முதல் நாளும் மீதியை எட்டாம் நாளும் கொடுக்கலாம். ஒரே நாளில் கிட்னி மேல் விழும் சுமை குறையும். பல மருத்துவமனைகளில் செய்கிறார்கள். ஆனால் முசிறிப் பக்கத்திலிருந்து திருச்சிக்கு இரண்டு நடை, இரண்டு நாள் ஊசி, இரண்டு தடவை வாந்தி பயம். முழு டோஸுக்கு இருக்கிற அளவு ஆதாரமும் இதற்கு இல்லை. இதயம் பலவீனமானவர், இரண்டு லிட்டர் சலைனைத் தாங்காதவர் என்றால் நான் பிரிப்பதைப் பற்றியோ கார்போவைப் பற்றியோ கேட்டிருப்பேன். சித்தப்பாவுக்கு எக்கோ நன்றாக இருந்தது. காது கேட்கும் சோதனையும் செய்து பார்த்தார்கள், வயலில் மோட்டார் சத்தத்தில் இருந்தவருக்கு அதிசயமாக அதுவும் சரி. முழு டோஸ் என்று முடிவானது.

யாரும் கவனிக்காத இன்னொரு ஆள் இந்தக் கதையில் இருக்கிறார்: கூட்டாளி மருந்து, அதாவது பிளாட்டினத்தோடு சேர்த்துக் கொடுக்கும் இரண்டாவது கீமோ. பிளாட்டினத்தைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார்கள், பக்கத்தில் எழுதியிருக்கிற பெமெட்ரெக்செட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள். அதுவும் கிட்னி வழியாகப் போகிற மருந்துதான். கணக்கு 45-க்குக் கீழே இறங்கினால் கொடுக்கக் கூடாது. சிஸ்பிளாட்டின் நாலு சுழற்சியோடு முடியும். நான்காம் நிலையில் பெமெட்ரெக்செட்டை மூன்று வாரத்துக்கு ஒருமுறை மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் தொடர்வார்கள். ஒவ்வொரு முறையும் கிரியாட்டினின் 0.1 ஏறிக்கொண்டு போனால் யாருக்கும் உறைக்காது. ஆகவே எங்கள் டே-கேர்காரரின் மகளிடம் நான் சொன்னது: கார்போ என்றதும் கிட்னிக் கவலை தீர்ந்தது என்று நினைக்காதீர்கள், ரிப்போர்ட்டுகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். ஃபோலிக் ஆசிட் மாத்திரையும் ஒன்பது வாரத்துக்கு ஒருமுறை பி12 ஊசியும் தவறக் கூடாது. கிட்னி கொஞ்சம் தளர்ந்தவர் பெமெட்ரெக்செட்டுக்கு இரண்டு நாள் முன்னும் இரண்டு நாள் பின்னும் ஐப்யூபுரோஃபென் தொடக் கூடாது.

இன்னொரு கூட்டாளியான பேக்ளிடாக்செல் கல்லீரல் வழியாகப் போகிறது. கிட்னி விஷயத்தில் சாது. ஆனால் முடி கொட்டும், கால் மரத்துப் போகும். பத்து வருட சுகர்காரருக்குக் கால் ஏற்கனவே பாதி மரத்திருக்கும்.

டே-கேர்காரருக்கு கார்போ, பெமெட்ரெக்செட் இரண்டோடு பெம்ப்ரோலிசுமாப்பும் சேர்த்தார்கள். இம்யூனோதெரபி, ஒரு முறைக்கு லட்சங்களில் செலவு. அது குழாயை நேராகப் புண்ணாக்குவதில்லை. நம் எதிர்ப்புச் சக்தியையே கிட்னி மேல் ஏவிவிடும் ஆபத்துதான் அதில் உண்டு. நூற்றுக்கு இரண்டு முதல் ஐந்து பேருக்கு வரலாம். பெரும்பாலும் மூன்று நான்கு மாதம் கழித்து, எல்லாரும் அசந்திருக்கும்போது வரும். கிட்னி பயாப்ஸி செய்வதா, நேராக ஸ்டீராய்டு தொடங்குவதா என்பது அப்போது எழும் கேள்வி. மற்ற காரணம் தெளிவாக இருந்தால் முதலில் அதைச் சரிசெய்து பார்ப்பார்கள். எதுவும் பிடிபடாவிட்டால் ஊசியை நிறுத்திவிட்டு ஸ்டீராய்டு கொடுத்து, வாரக்கணக்கில் மெதுவாகக் குறைப்பார்கள். நாட்டில் பாதிப் பேர் காலையில் வெறும் வயிற்றில் போடுகிற கேஸ் மாத்திரை, அந்த பான்டோபிரசோல் வகை, கிட்னியில் இந்த அழற்சி வரும் ஆபத்தைக் கூட்டுகிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. உண்மையிலேயே தேவையா என்று டாக்டரிடம் ஒருமுறை கேட்டுவிடுங்கள். நான் பார்த்த ஒருவர் அது எதற்கு ஆரம்பித்தது என்றே தெரியாமல் ஆறு வருடமாகப் போட்டுக்கொண்டிருந்தார்.

மரபணு மாற்றத்துக்கான மாத்திரைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. ஜெஃபிட்டினிப், ஓசிமெர்ட்டினிப் கிட்னிக்குப் பெரிய தொந்தரவு தருவதில்லை. கிரிசோட்டினிப், கேப்மாட்டினிப், டெப்போட்டினிப் எடுப்பவர்களுக்குக் கிரியாட்டினின் ஏறினால் உடனே பதற வேண்டாம். கிரியாட்டினின் குழாய் வழியே வெளியேறுவதை இவை தடுக்கும். கிட்னி கெடாமலேயே எண் ஏறும். சிஸ்டாட்டின்-சி என்ற ரத்தச் சோதனை இரண்டையும் பிரித்துக் காட்டும். வேண்டாத காரணத்துக்கு நல்ல மாத்திரையை நிறுத்திவிடக் கூடாதே.

சித்தப்பாவுக்கு முதல் சுழற்சி நல்லபடியாகப் போனது. காலை எட்டு மணிக்குப் படுத்தவர் மதியம் இரண்டு மணிக்கு எழுந்து, மூத்திர அளவு எழுதும் தாளை என்னிடம் ரேஷன் கார்டு மாதிரி நீட்டினார். வீட்டில் இரண்டு மூன்று நாள், நாளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர். சித்தி வாழைத்தண்டு சாறு வேறு கொடுத்தார். சொந்தத் தோட்டத்து வாழை. அது கல்லுக்குச் சொல்லும் வைத்தியம், இங்கே பிரச்சினை குழாய்ச் சுவரில் புண் என்று விளக்கிப் பார்த்தேன். "கெடுதல் இல்லையில்ல?" என்றார். இல்லை என்றேன். தண்ணீர்க் கணக்கில் சேர்த்துக்கொண்டோம்.

இரண்டாவது சுழற்சிக்குப் பின்தான் கோளாறு. ஊசி போட்ட மூன்றாம் நாள் முழங்கால் வலி. ஊர் மெடிக்கலில் கேட்டதும் டைக்ளோஃபெனாக் ஒரு அட்டை கொடுத்திருக்கிறார்கள். காலை ஒன்று, ராத்திரி ஒன்று, நாலு நாள். கூடவே வாந்தி, தண்ணீர் இறங்கவில்லை. பி.பி. மாத்திரை மட்டும் ஒழுங்காகப் போட்டிருக்கிறார், அதில் சிறுநீர் பிரிக்கும் மருந்தும் சேர்ந்திருந்தது. உடம்பு வறண்டிருக்கும்போது வலி மாத்திரை, பி.பி. மருந்து, சிறுநீர் பிரிக்கும் மருந்து மூன்றும் சேர்ந்தால் கிட்னிக்கு மூன்று பக்கமும் அடி. ஒன்பதாம் நாள் ரத்தம் பார்த்தால் கிரியாட்டினின் 1.7. கணக்கு 36.

"மூத்திரம் நல்லாத்தானே பாப்பா போகுது" என்றார். போகும். சிஸ்பிளாட்டின் கெடுக்கும் கிட்னி பெரும்பாலும் மூத்திரத்தை நிறுத்தாது, அளவைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. அதனால்தான் ஊசி முடிந்து ஒரு வாரம் பத்து நாளில் ஒரு ரத்தச் சோதனையைக் கேட்டு வாங்க வேண்டும். கிரியாட்டினினோடு மக்னீசியம், பொட்டாசியமும். ராத்திரியில் ஆடுதசை இழுத்தால் மக்னீசியம் இறங்கியிருக்கலாம்.

வலி மாத்திரை நின்றது, சலைன் ஏறியது, பி.பி. மாத்திரையை டாக்டர் மாற்றினார், மூன்றாவது சுழற்சியை இரண்டு வாரம் தள்ளினார். கிரியாட்டினின் 1.3-க்கு இறங்கியது. லேப் வரம்புக்குள் வந்துவிட்டது என்று சித்தி சந்தோஷப்பட்டார். எடை இதற்குள் 54 ஆகியிருந்தது. 78 × 54 = 4,212. அதை 93.6-ஆல் வகுத்தால் சரியாக 45.

அந்த 45-ஐ வைத்துக்கொண்டு டாக்டரும் நாங்களும் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். சிஸ்பிளாட்டினைத் தொடரும் பேச்சே இல்லை, அதில் யாருக்கும் சந்தேகமில்லை. இனி கார்போ, ஏ.யு.சி. 5 என்றால் 5 × (45 + 25), 350 மி.கி. கூட்டாளிதான் கேள்வி. பெமெட்ரெக்செட்டுக்கு 45 போதும், எழுத்துப்படி கொடுக்கலாம். ஆனால் இன்னொரு வாந்தி, இன்னொரு கிலோ இறங்கினால் கோட்டுக்குக் கீழே. பேக்ளிடாக்செல் என்றால் கிட்னி தப்பும், சித்தப்பாவின் பன்னிரண்டு வருட சுகருக்குக் கால் மரக்கும், முன்னால் போடும் ஸ்டீராய்டில் சுகரும் எகிறும். மிச்சம் இரண்டு சுழற்சிதான், கால் மரப்பு பெரும்பாலும் டோஸ் சேரச் சேரத்தான் கூடும் என்றார் டாக்டர். இரண்டையும் நிறுத்திவிட்டால் என்ன என்று சித்தி கேட்டார். அதுவும் நியாயமான கேள்வி என்று சொல்லி, நாலில் இரண்டு ஆகியிருக்கிறது, மீதியில் கிடைக்கிற கூடுதல் லாபம் சிறியது, கார்போவுக்கு அந்த லாபம் நிரூபணமானதும் இல்லை என்று ஒளிக்காமல் விளக்கினார்.

சித்தப்பா உள்ளங்காலைத் தடவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். "வரப்புல நடக்கணும் டாக்டர்" என்றார். கடைசியில் பேக்ளிடாக்செல் என்று அவரே சொன்னார். டோஸைக் கொஞ்சம் குறைத்து எழுதினார்கள்.

அன்று பாட்டிலை நானே கலந்தேன். ஒரு மாதம் கழித்து எடுத்த ரத்தத்தில் கிரியாட்டினின் 1.2. கட்டைவிரல் இரண்டும் இன்னும் மதமதவென்றுதான் இருக்கிறதாம், செருப்பு கழன்றால் தெரியவில்லை என்கிறார். சித்தி பின்னால் வார் வைத்த செருப்பு வாங்கிக் கொடுத்திருக்கிறார். முழங்காலுக்குப் பாரசிட்டமால். ஊர் மெடிக்கலில் எது கொடுத்தாலும் அட்டையைப் போட்டோ எடுத்து எனக்கு வாட்ஸ்ஆப்பில் அனுப்புகிறார். போன வாரம் வந்தது பேரனின் பூச்சி மாத்திரை.